கிளுவை வேலியோரம் பருவத்தைக் குறித்து வைத்தல்: நாட்காட்டியா, மழையா?

கொரங்காட்டுக்காரன், வெள்ளகோவில் வட்டாரம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்து வீடு வெள்ளகோவிலுக்கும் மூலனூருக்கும் இடைப்பட்ட மானாவாரி நிலத்தில் இருக்கிறது. வீட்டைச் சுற்றிக் கொரங்காடு. மற்ற வட்டாரத்தாருக்காகச் சொல்கிறேன்: கொழுக்கட்டைப் புல்லும் ஆங்காங்கே வெள்வேல மரங்களும் நிற்க, கிளுவை என்னும் முள்மரத்தை நெருக்கமாக நட்ட உயிர்வேலியால் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்ட மேய்ச்சல் நிலத்தையே நாங்கள் கொரங்காடு என்கிறோம். காங்கயம் மாடுகளும் மயிலம்பாடி ஆடுகளும் தலைமுறை தலைமுறையாக இதில்தான் மேய்ந்து வருகின்றன. ஆண்டு முழுவதும் சேர்த்தாலும் மழை 600 மில்லிமீட்டரை ஒட்டியே பெய்யும். வைகாசி முதல் ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வீசுமே தவிர, அந்தக் காற்று எங்களுக்குப் பெரிய மழை எதையும் கொண்டு வருவதில்லை.

வீட்டுத் திண்ணையிலிருந்தும் வேலியோரத்திலிருந்தும் பார்ப்பதையெல்லாம் சில ஆண்டுகளாகக் குறித்து வருகிறேன். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆண்டை இரண்டிரண்டு மாதங்களாகப் பகுத்த நம் முன்னோரின் கணக்கில்தான் தொடங்கினேன். ஆனால் குறிப்புகளைப் புரட்டிப் பார்க்கும்போது, எங்கள் நிலத்தில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன என்பது தெளிவாகத் தெரிகிறது. இங்கேயே பிறந்து இங்கேயே வாழும் உயிர்கள் மழையைப் பார்த்து நடக்கின்றன. நல்ல மழை பெய்த மறுநாள் மாலையே புற்றிலிருந்து ஈசல் புறப்படுகிறது. செம்மண் பொறுக்கில் தம்பலப்பூச்சி ஊர்கிறது. மொட்டையாக நின்ற கிளுவைக் குச்சிகள் சில நாட்களில் துளிர்க்கின்றன. துளிரைத் தின்ன வரும் புழுக்களை நம்பித் தவிட்டுக்குருவிக் கூட்டம் குஞ்சு வளர்க்கிறது. அந்த மழை சித்திரையில் கோடை மழையாகப் பெய்தாலும் சரி, ஐப்பசியில் பெய்தாலும் சரி, இந்த வரிசை பெரிதாக மாறுவதில்லை. இவற்றுக்கு மாதப் பெயர் எழுதுவதைவிட, மழை பெய்து எத்தனையாவது நாள் என்று எழுதுவதே பொருத்தமாகப் படுகிறது.

வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகளோ எங்கள் மழையைப் பற்றி எதுவும் அறியாமல் புறப்பட்டு வருகின்றன. பகல் நேரம் சுருங்குவதுதான் அவற்றுக்குப் பயணக் குறி. ஆகவே பழுப்புக் கீச்சானும் தகைவிலானும் புரட்டாசியை ஒட்டித் தவறாமல் வந்துவிடுகின்றன. கசகஸ்தானத்துப் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு வரும் பூனைப்பருந்துகள், கொழுக்கட்டைப் புல் தழைத்து வெட்டுக்கிளி பெருகியிருக்கும் வேளையில் இங்கே இருக்க வேண்டும். மழை பிந்திய ஆண்டுகளில் பருந்து வந்துவிடுகிறது, புல் வந்திருப்பதில்லை. அத்தகைய ஆண்டுகளில் அவை எங்கள் காட்டின் மேல் தாழப் பறந்து ஓரிரு நாள் தேடிவிட்டு வேறிடம் போய்விடுகின்றன.

இரண்டு கேள்விகள். உங்கள் பகுதிகளிலும் இப்படி இரண்டு கணக்குகள் தென்படுகின்றனவா? எங்கள் பக்கம் கிளுவை வேலியைப் பிடுங்கிவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி வேலி போடுகிறார்கள். அப்படி வேலி மாறிய இடங்களில் எது முதலில் மறைகிறது என்று யாரேனும் கவனித்திருக்கிறீர்களா?

சாரல்வாசி, தென்காசி

ஐயா, உங்கள் இரண்டு கடிகாரக் கணக்கை நான் ஏற்கிறேன். ஆனால் எங்கள் ஊரில் மழைக் கடிகாரமே ஆண்டுக்கு இரண்டு முறை மணி அடிக்கிறது. செங்கோட்டைக் கணவாய் வழியே ஆனி, ஆடி மாதங்களில் சாரல் வருகிறது. பிறகு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வருகிறது. சாரல் காலத்து மழை அளவில் குறைவு, ஆனால் நாள் முழுவதும் மண்ணை ஈரமாக வைத்திருக்கும். அதனால் தவளைகளின் பெருங்கூச்சல் சாரலுக்கு எழுவதில்லை. ஐப்பசியில் இடியோடு கொட்டி வயலில் தண்ணீர் தேங்கிய இரவில்தான் அது கேட்கிறது. அந்த இரவுகளில் விளக்கை எடுத்துக்கொண்டு வரப்போரம் போனால், ஆண் பெருந்தவளைகள் எலுமிச்சை மஞ்சளாக நிறம் மாறி, தாடையின் இருபுறமும் நீலப் பைகளை உப்பவைத்துக் கத்துவதைப் பார்க்கலாம். ஒரு சில நாட்களில் அந்த மஞ்சள் மங்கிவிடும். ஆண்டு முழுவதும் அதே வரப்பில் அவற்றைப் பழுப்பாகவே பார்த்தவர்களுக்கு, இவை வேறு இனமோ என்ற ஐயம் வருவது இயல்பு.

வலசைக் கணக்கும் நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. இமயமலைப் பக்கத்திலிருந்து வரும் சாம்பல் வாலாட்டி, ஆவணி முடிவதற்குள் எங்கள் வீட்டுப் பின்புறத்து ஓடைக்கு வந்து பாறைகளில் வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருக்கும். ஓடையில் நீர் ஓடினாலும் வற்றினாலும் அதன் வரவு மாறுவதில்லை. சற்றுப் பின்னால் வரும் கொடிக்கால் வாலாட்டி மட்டும் வாலைப் பக்கவாட்டில் ஆட்டும். எங்கள் தோப்பின் நிழலில் இலைச் சருகுகளுக்கிடையே அதைக் கண்டுபிடிப்பதற்கு இந்த ஒரு பழக்கமே போதுமானது.

மழை அளவை எப்படிக் குறிக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். "நல்ல மழை" என்று ஒருவர் எழுதுவது இன்னொருவருக்குத் தூறலாக இருக்கலாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, மன்னார்குடி

இந்த உரையாடலைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன். குறித்து வைக்கும் முறையைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

இங்கிலாந்தில் நார்ஃபோக் என்னும் பகுதியில் ராபர்ட் மார்ஷம் என்ற நிலக்கிழார் ஒருவர், 1736-ஆம் ஆண்டு முதல் தம் வீட்டைச் சுற்றி முதல் பூ, முதல் இலை, முதல் தகைவிலான், தவளையின் முதல் குரல் ஆகியவற்றின் தேதிகளை எழுதி வைத்தார். அவருக்குப் பின் அவருடைய குடும்பத்தார் அப்பணியை 1958 வரை தொடர்ந்தனர். வெப்பம் கூடினால் எந்த மரம் எத்தனை நாள் முந்தித் துளிர்க்கிறது என்று இன்றைய ஆய்வாளர்கள் கணக்கிடுவதற்கு அந்தக் குறிப்பேடுகள் பயன்படுகின்றன. அங்கே குளிர் விலகுவதுதான் பருவத்தின் தொடக்கம். ஆகவே வெப்பமானியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேதிகளைப் படிக்கலாம். நம் ஊரில் துளிர்ப்பை நிறுத்தி வைப்பது குளிர் அல்ல, வறட்சி. எனவே மழைமானி இல்லாத குறிப்பேடு நமக்குப் பாதிக் குறிப்பேடுதான். சுவர்கள் செங்குத்தாக நிற்கும் எந்தப் பாத்திரத்தையும் மரமும் கூரையும் மறைக்காத வெட்டவெளியில் வைத்து, தேங்கிய நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்தால் அதுவே மில்லிமீட்டர். இந்திய வானிலைத் துறை காலை எட்டரை மணிக்கு அளக்கிறது. நாமும் அதே நேரத்தைக் கடைப்பிடித்தால் ஒப்பிட வசதியாக இருக்கும். 2.5 மில்லிமீட்டராவது பெய்தால்தான் அவர்கள் கணக்கில் அது மழைநாள்.

இன்னொன்றும் முக்கியம். "முதலில் கண்டது" என்ற தேதி, பறவை வந்த நாளைக் காட்டுவதைவிட நாம் பார்க்கப் போன நாளையே பல நேரம் காட்டிவிடுகிறது. விடுமுறையில் மட்டும் வேலியோரம் நடப்பவருக்கு எல்லாப் பறவைகளும் விடுமுறையில்தான் வந்து சேரும். ஆகவே பார்க்கப் போய் எதுவும் காணாத நாளையும் எழுத வேண்டும். "காலை அரை மணி நேரம் வேலியைச் சுற்றினேன், கீச்சான் இல்லை" என்ற வரிக்குப் பிறகு வரும் "இன்று கீச்சான் வந்தது" என்ற வரிதான் நம்பத்தக்கது. மரங்களுக்கும் இதே விதிதான். சீசன்வாட்ச் என்னும் மக்கள் அறிவியல் திட்டம், ஒரே மரத்தை வாரந்தோறும் பார்த்து இலை, பூ, காய் ஆகியவற்றின் நிலையைப் பதியச் சொல்வதும் இந்தக் காரணத்தால்தான். ஊரில் எங்கோ ஒரு கொன்றை பூத்தது என்பதைவிட, நம் வாசலில் நிற்கும் கொன்றை இந்த வாரம் பூக்கவில்லை என்பது கூடுதல் செய்தி தரும்.

மலையடிவாரத்து விவசாயி, ஒட்டன்சத்திரம் பக்கம்

எல்லோரும் நல்லவற்றை எழுதியிருக்கிறீர்கள். நான் சற்று மாறுபட்டுப் பேச வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். உயிர்வேலி வைத்திருந்தவன்தான் நானும். கம்பி வேலிக்கு மாறியது விருப்பத்தால் அல்ல. வேலிக்கு ஆண்டுதோறும் போத்து (வெட்டி நடும் கிளை) நட்டு, இடைவெளியை அடைத்து, கவாத்துச் செய்ய ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலி கட்டுவதில்லை. மயில்களோ கூட்டமாக வந்து நாற்றையும் தக்காளியையும் கொத்துகின்றன. புதரைக் குறைத்தால் மயில் குறையும் என்று பலர் சொன்னார்கள். அது நடக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

பருவத்தைப் பொறுத்தவரை எங்கள் பெரியவர்கள் சுடலைக் குயில் கத்தினால் மழை வரும் என்பார்கள். அதையே ஏன் குறியாக வைத்துக்கொள்ளக் கூடாது?

கொரங்காட்டுக்காரன், வெள்ளகோவில் வட்டாரம்

அண்ணா, ஆள் தட்டுப்பாட்டைப் பற்றி நீங்கள் சொல்வது முழு உண்மை. உயிர்வேலியைப் புகழ்ந்து எழுதுபவர்கள் அந்த உழைப்பைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. மயிலைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் பட்டியலில் உள்ள பறவை என்பதால் பிடிப்பதோ விஷம் வைப்பதோ பெருங்குற்றம். திறந்த நிலமும் சிந்திய தானியமும் இருக்கும் இடத்தில் அது நன்றாகவே வாழும். அடர்ந்த வேலி இல்லாவிட்டால் தென்னையிலும் மின்கம்பத்திலும் அடைந்துகொள்ளும். வேலியை எடுத்ததால் போனவை கவுதாரி, காடை, முயல், கீரி போன்றவைதான். கவுதாரி தரையில் முட்டையிடுவது. தலைக்கு மேல் முள்ளும் காலுக்கடியில் சருகும் இருந்தால்தான் அது துணிந்து உட்காரும். கம்பி வேலி போட்ட பக்கத்துக் காட்டில் விடியற்காலைக் கவுதாரிக் குரல் நின்றுபோனது என்பதுதான் என் இரண்டாவது கேள்விக்கு நானே கண்ட விடை.

சுடலைக் குயிலை மழைக் குறியாக எடுத்துக்கொள்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்றோடு வந்து வட இந்தியாவில் இறங்குபவை ஒரு பிரிவு; அங்குள்ளவர்களுக்கு அதன் வரவு மழையின் வரவுதான். தமிழகத்திலும் இலங்கையிலும் இருப்பவை ஆண்டு முழுவதும் இங்கேயே இருப்பவை. அவை தவிட்டுக்குருவியின் கூட்டில் முட்டையிடுகின்றன. இரண்டின் முட்டைகளும் ஒரே நீலப்பச்சை நிறம். மழைக்குப் பின் தவிட்டுக்குருவி கூடு கட்டத் தொடங்கும்போது இதுவும் வேலியில் மேலும் கீழும் அலைந்து ஓயாமல் கத்துகிறது. எனவே பெரியவர்கள் சொன்னதில் தொடர்பு இருக்கிறது. எங்கள் பக்கம் குயிலின் கத்தல் மழையைத் தொடர்ந்து வருகிறது, முந்தி வருவதில்லை. உங்கள் பக்கம் எப்படி என்று இந்த ஆண்டு பார்த்துச் சொல்லுங்கள், ஆவலோடு காத்திருப்பேன்.

தானியம் தூவுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மயிலும் காக்கையும் மாடப்புறாவும் அதனால் பெருகும். வேலியில் கோவைக் கொடியும் சூரையும் இசங்கும் பழுத்துக் கிடந்தால் கொண்டைக்குருவியும் செம்போத்தும் வரும். தண்ணீர் வைப்பது வேறு. பங்குனி முதல் மழை வரும்வரை அகலமான மண் தொட்டியில், சிறு பறவையும் தேனீயும் மூழ்காதபடி கற்கள் போட்டுத் தண்ணீர் வைக்கிறோம். தினமும் கொட்டிக் கழுவி ஊற்ற முடியாதவர்கள் வைக்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

கதியால்வேலி, வவுனியா

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்போது வன்னியில் வாழ்பவன். உங்கள் கிளுவை வேலியைப் பற்றி வாசித்தவுடன் எழுதாமல் இருக்க முடியவில்லை. யாழ்ப்பாணத்து வீட்டு வளவுகளிலும் கிளுவைக் கதியாலும் (நீங்கள் போத்து என்பது) பூவரசங் கதியாலும் நட்டுத்தான் வேலி அடைப்பார்கள். மாரி தொடங்கும் முன் கதியால் போட்டால் மழையோடு வேர் பிடிக்கும். இப்போது அங்கும் மதில்கள் எழுந்துவிட்டன. மதிலுக்குள் இருக்கும் வளவில் ஓணானும் அணிலும் காகமும் மிஞ்சுகின்றன. எங்கள் பழைய வேலியடியில் சருகைக் கிளறிக்கொண்டிருந்த பறவைகள் ஒதுங்க இடமில்லை.

அந்தச் சருகுக்காகவே வரும் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆறுமணிக் குருவி ஐப்பசியில் வந்து சேரும். இமயத்து அடிவாரங்களிலும் நடு இந்தியாவிலும் தென்மேற்கு மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, தென்னிந்தியாவுக்கும் எங்கள் தீவுக்கும் வருகிறது. இரவில் பறந்து வந்து களைத்துப்போய், வெளிச்சத்தால் குழம்பி, வீட்டு விறாந்தையிலோ குளியலறையிலோ ஒடுங்கிக் கிடப்பதை இங்கு பலர் கண்டிருக்கிறார்கள். அப்படிக் கண்டால் பூனைக்கு எட்டாதபடி காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் இருட்டாக வைத்து, தெளிந்ததும் பற்றையோரம் விட்டுவிட வேண்டும்; வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பிறகு பங்குனி, சித்திரை வரை ஒரே பற்றையைச் சொந்தமாக்கிக்கொண்டு, காலையிலும் மாலையிலும் ஆறு மணியளவில் இரட்டைச் சீழ்க்கை அடிக்கும்.

வன்னியில் எங்களுக்கு வறண்ட காலமும் ஒரு விளைச்சல் காலம்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சோழகக் காற்று வீசும் வைகாசி, ஆனியில் மழையே இல்லாதபோது பாலை மரங்கள் பழுக்கின்றன. கரடி மரத்திலேறித் தின்னும், குரங்கு உதிர்த்ததை மான் தின்னும், நாங்களும் பொறுக்குவோம். மழைக் கணக்கு மட்டும் வைத்திருந்தால் இந்தப் பருவம் குறிப்பேட்டில் வெறுமையாகவே இருக்கும்.

கொரங்காட்டுக்காரன், வெள்ளகோவில் வட்டாரம்

மிக்க நன்றி ஐயா. நீங்கள் சொன்ன பிறகுதான் எங்கள் வெள்வேலத்தையும் அதே வரிசையில் வைத்துப் பார்க்கிறேன். மழைக்காலத்தில் பூத்து, புல் முற்றிலும் காய்ந்துபோன கோடையில் நெற்று உதிர்க்கிறது. ஆடுகள் அந்த நெற்றைத் தின்றுதான் கோடையைக் கடக்கின்றன. ஆக மரங்களுக்கு மூன்றாவது கணக்கு ஒன்று இருக்கிறது: வேர் ஆழமாக இருப்பதால் சென்ற மழையின் ஈரத்தை அடுத்த வறட்சியில் செலவிடும் கணக்கு. இதற்குத் தனியாக ஒரு பத்தி ஒதுக்கப் போகிறேன்.

புதுக் குடித்தனம், தாராபுரம் அருகே

நாங்கள் அண்மையில்தான் மாமனாரின் தோட்டத்து வீட்டில் குடியேறினோம். சிறு குழந்தை இருக்கிறது. வேலியோரம் பாம்புகள் இரண்டு பிணைந்து எழுந்து ஆடியதைப் பார்த்து வீட்டில் எல்லோரும் பயந்துவிட்டார்கள். வேலியை எடுத்துவிடலாம் என்கிறார்கள். எந்தப் பருவத்தில் அதிகம் கவனமாக இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லுங்கள்.

சாரல்வாசி, தென்காசி

தங்கையே, பயம் இயல்பானது, ஆனால் நீங்கள் பார்த்தவை பெரும்பாலும் சாரைகளாகவே இருக்கும். சாரையும் நாகமும் சேர்வதாக ஊரில் சொல்வது சரியல்ல. இரண்டு ஆண் சாரைகள் ஒன்றை ஒன்று கீழே தள்ளப் போராடுவதுதான் அந்த ஆட்டம். சாரைக்கு நஞ்சு இல்லை. எலியைத் தின்று உங்கள் களஞ்சியத்தைக் காப்பது அது.

கவனிக்க வேண்டியவை கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், நாகம் ஆகிய நான்கு. கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும், தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடித்துவிடும், வலியும் அதிகம் தெரியாது. ஆகவே ஆண்டு முழுவதும் கட்டிலில் கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிப் படுப்பதும், இரவில் விளக்கில்லாமல் வாசலில் இறங்காமல் இருப்பதும் அவசியம். ஆனி, ஆடி தொடங்கி ஐப்பசி மழை வரையான காலத்தில் குட்டிகள் நடமாடும் என்பதால் சருகிலும் புல்லிலும் செருப்பின்றி நடக்காதீர்கள். விறகு, தேங்காய் மட்டை, ஓடு ஆகியவற்றைச் சுவரோரம் அடுக்காமல் தள்ளி வையுங்கள். வேலியை எடுப்பதைவிட இவை பயன் தரும். கடித்துவிட்டால் கீறுவதோ இறுக்கிக் கட்டுவதோ வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல், நஞ்சுமுறி மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும்.

மலையடிவாரத்து விவசாயி, ஒட்டன்சத்திரம் பக்கம்

கொரங்காட்டுத் தம்பிக்கு: கம்பி வேலியை ஒட்டி உள்பக்கமாக ஒரு வரிசை கிளுவைப் போத்து நட்டால் பிடிக்குமா? காவலுக்குக் கம்பி இருக்கட்டும். ஆனால் கவுதாரிக் குரல் நின்றது எங்கள் காட்டிலும்தான். நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் எப்போதிருந்து கேட்கவில்லை என்று யோசித்துப் பார்த்தேன்.

கொரங்காட்டுக்காரன், வெள்ளகோவில் வட்டாரம்

நன்றாகப் பிடிக்கும் அண்ணா. இலையில்லாமல் நிற்கும் கோடையில் கட்டைவிரல் பருமனுள்ள போத்துகளை வெட்டி நிழலில் வைத்திருந்து, முதல் நல்ல மழைக்கு முன்பாக ஒரு முழ ஆழத்தில் நெருக்கமாக ஊன்றுங்கள். கம்பி ஏற்கெனவே இருப்பதால் முதல் இரண்டு ஆண்டு ஆடு கடிக்காது. உயிர்வேலி மட்டும் வைப்பவர்களுக்கு இல்லாத வசதி இது. இசங்கும் பிரண்டையும் கோவையும் பறவை எச்சத்திலிருந்து தாமாகவே முளைத்துக்கொள்ளும். அவற்றைக் களை என்று பிடுங்காமல் விட்டால் போதும். ஆண்டுக்கு ஒரு முறை செய்யும் கவாத்தை மாசியில் முடித்துவிடுங்கள். சித்திரை மழைக்குப் பின் கத்தி வைத்தால் கூடுகள் போய்விடும். ஒரே ஆண்டில் முழு வேலியையும் வெட்டாமல், வடக்கும் கிழக்கும் ஓராண்டு, தெற்கும் மேற்கும் மறு ஆண்டு என்று பிரித்துக்கொண்டால் ஆள் செலவும் பாதியாகும், கவுதாரி ஒதுங்க எப்போதும் ஒரு பக்கம் மிஞ்சும். போத்து தேவைப்பட்டால் சொல்லுங்கள், எங்கள் வேலியில் இந்தக் கோடைக்கு வெட்ட வேண்டிய பக்கம் இருக்கிறது.